ஏரியா சபாவுக்கு வெறுங்கையோடு போகாதீர்கள்

தெரு முனையில் ஒரு காலி இடம் இருக்கும். லேஅவுட் போட்ட காலத்தில் வரைபடத்தில் அதற்குப் பச்சை அடித்து, "பூங்கா" என்று எழுதிக் காட்டித்தான் மற்ற மனைகளை விற்றிருப்பார்கள். இருபது வருடம் கழித்துப் போய்ப் பார்த்தால் ஒரு பக்கம் யாரோ கார் ஷெட் போட்டிருக்கிறார், நடுவில் கட்டட இடிபாடு, ஓரத்தில் நாலைந்து குடிசை. சென்னை, தாம்பரம், மதுரை என்று எந்த ஊரிலும் இப்படி ஓர் இடத்தைக் காட்ட முடியும். அந்த இடத்தை ஏரியா சபா என்கிற பகுதி மக்கள் கூட்டத்தின் வழியே ஊருக்கு மீட்பது எப்படி, அதுவும் அந்தக் குடிசைகளில் இருப்பவர்களை நடுத்தெருவில் நிறுத்தாமல் மீட்பது எப்படி என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். பூங்கா கேட்டுப் போகிற பலர் இந்த இரண்டாவது விஷயத்தை மறந்துவிடுகிறார்கள். என்னால் அதை மறந்துவிட்டு எழுத முடியாது. சென்னையை வைத்துச் சொல்கிறேன், மற்ற மாநகராட்சிகளுக்கும் பெரும்பாலும் இது பொருந்தும்.

முதலில் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். வெளிநாட்டு நகரமன்றங்களின் வீடியோக்களில் யாரோ ஒரு பாட்டி மைக் முன்னால் நின்று சில நிமிடம் பேசிவிட்டுப் போவதைப் பார்த்திருப்பீர்கள். சென்னை மாநகராட்சியின் தலைமையகமான ரிப்பன் மாளிகையில் அப்படி ஓர் ஏற்பாடு கிடையாது. மாமன்றக் கூட்டத்தில் பேசுகிறவர்கள் கவுன்சிலர்களும் மேயரும் பதில் சொல்லும் அதிகாரிகளும்தான். நம் பேச்சு அங்கே போய்ச் சேர இரண்டு வழி உண்டு. 200 வார்டுகளில் நம் வார்டு கவுன்சிலர் எழுந்து நின்று கேட்க வேண்டும், அல்லது ஏரியா சபாவில் பதிவான கோரிக்கையாக, கவுன்சிலர் தலைமையிலான வார்டு குழு வழியே மேலே போக வேண்டும். இரண்டையும் சேர்த்துச் செய்வதுதான் நல்லது. 2016 அக்டோபரில் பழைய மன்றத்தின் காலம் முடிந்த பிறகு 2022 பிப்ரவரி 19 தேர்தல் வரைக்கும் சென்னையில் கவுன்சிலரே கிடையாது, எல்லாம் தனி அலுவலர் கையில் இருந்தது. அந்த ஐந்து வருடத்துக்கும் மேலான காலத்தில் மனுவைத் தூக்கிக்கொண்டு அலைந்தவர்களுக்குக் கவுன்சிலர் என்று ஒருவர் இருப்பதன் அருமை தெரியும்.

ஏரியா சபா என்பது கிராமத்துக்குக் கிராம சபை இருப்பதுபோல நகரத்துக்கு வந்த ஏற்பாடு. இதற்கான விதிகள் 2022-ல் வந்தன. அந்த வருடம் நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று பம்மலில் நடந்த கூட்டத்தில் முதல்வர் மு.க.ஸ்டாலினே வந்து உட்கார்ந்தார். ஒரு வார்டைப் பல பகுதிகளாகப் பிரித்திருப்பார்கள், அந்தந்தப் பகுதி வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கிற எல்லோரும் அந்தச் சபாவின் உறுப்பினர்கள். இங்கேயே ஒரு சிக்கல் இருக்கிறது. வாடகைக்குக் குடிவந்தவர்கள் பலருக்கு ஓட்டு இன்னும் பழைய முகவரியிலோ சொந்த ஊரிலோ இருக்கும். பிள்ளைகளை விளையாட விட இடமில்லாமல் அதிகம் கஷ்டப்படுவதும் அவர்கள்தான். படிவம் 8 கொடுத்து முகவரியை மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். வீட்டு உரிமையாளர்கள் மட்டும் உட்கார்ந்திருக்கிற சபாவில் பூங்கா என்றால் நடைபாதையும் அலங்காரச் செடியும்தான், பந்து விளையாட இடம் கேட்க ஆள் இருக்காது.

சரி, தலைப்பில் சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். நான் முன்பு குடியிருந்த ஊரில் முதல் கூட்டத்துக்குப் போனபோது கோபத்தை மட்டும்தான் எடுத்துக்கொண்டு போனேன். "பார்க் இடத்தை ஆக்கிரமிச்சிட்டாங்க சார்" என்றேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் அமைதியாக, "சர்வே நம்பர் என்ன தம்பி?" என்றார். எனக்குத் தெரியவில்லை. "லேஅவுட் அப்ரூவல் நம்பர்?" அதுவும் தெரியவில்லை. அடுத்தவர் தெருவிளக்கு பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். கூட்டத்துக்கு வந்திருந்த ஒரு ஓய்வுபெற்ற தபால்காரர் வெளியே என்னைக் கூப்பிட்டு, "எங்கிட்ட பழைய வரைபடம் இருக்குப்பா, வீட்டுக்கு வா" என்றார். டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். மடிப்பெல்லாம் கிழிந்து, நீல மை மங்கிப்போய் இருந்தது, ஆனால் எண் தெளிவாக இருந்தது. அடுத்த கூட்டத்தில் அந்த ஒரு தாள்தான் பேசியது.

ஆகவே, கூட்டத் தேதி தெரிவதற்கு முன்பே காகிதம் சேர்க்க ஆரம்பியுங்கள். உங்கள் தெருவில் முதன்முதலில் மனை வாங்கியவர் யார் என்று விசாரித்து, அவருடைய கிரயப் பத்திரத்தைக் கேட்டுப் பாருங்கள். சொத்து விவரத்தில் சர்வே எண்ணும் பெரும்பாலும் லேஅவுட் ஒப்புதல் எண்ணும் இருக்கும். சர்வே எண்ணை வைத்து வருவாய்த் துறையின் இணையதளத்தில் பட்டா, புலப்படம் (அந்த எண்ணுக்கான நில அளவை வரைபடம்), 'அ' பதிவேடு (நிலத்தின் வகை, உரிமையாளர் விவரம் உள்ள பதிவேடு) மூன்றையும் பார்த்துவிடலாம். காலி இடத்தின் பட்டா இன்னும் பழைய நிலக்காரர் பெயரிலேயே இருக்கிறதா, மாநகராட்சி பெயருக்கு மாறிவிட்டதா என்பது இதில் தெரியும். அப்புறம் பதிவுத்துறை இணையதளத்தில் அதே சர்வே எண்ணுக்கு வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். லேஅவுட் போட்டவர் பூங்கா இடத்தை உள்ளாட்சிக்குத் தானப் பத்திரமாக எழுதிக் கொடுத்திருந்தால் அந்தப் பதிவு அதில் வர வேண்டும். அந்த இடத்தையே பின்னாளில் துண்டு போட்டு விற்றிருந்தாலும் அதிலேயே மாட்டும்.

இதில் கிடைக்காததற்கு ஆர்.டி.ஐ., அதாவது தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள். தமிழ்நாட்டில் மனுக் கட்டணம் 10 ரூபாய், கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி அனுப்பலாம், வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அதுவும் வேண்டாம். "இந்த இடம் ஏன் இப்படி இருக்கிறது" என்று கேட்டால் பதில் வராது, ஏனென்றால் அது தகவல் கேட்பது இல்லை. இன்ன எண் கொண்ட அங்கீகரிக்கப்பட்ட லேஅவுட் வரைபடத்தின் நகல், அதில் பொதுப் பயன்பாட்டுக்கு ஒதுக்கிய இடத்துக்கான தானப் பத்திரத்தின் நகல், அந்த இடத்தைக் கையகப்படுத்திய தேதி, அதைப் பராமரிக்கும் பிரிவின் பெயர், இப்படி ஆவணத்தைக் குறிப்பிட்டுக் கேளுங்கள். சென்னைப் பெருநகர்ப் பகுதி என்றால் சி.எம்.டி.ஏ. எனப்படும் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்துக்கும், வெளியே என்றால் நகர் ஊரமைப்பு இயக்ககத்துக்கும் ஒன்று, மாநகராட்சிக்கு ஒன்று என இரண்டாகப் போடுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும், வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. இரண்டு அலுவலகமும் இரண்டு விதமாகப் பதில் சொன்னால் வருத்தப்பட வேண்டாம், சபாவில் கேட்பதற்கு அதைவிட நல்ல கேள்வி கிடைக்காது.

இப்போது விதி. இதை மனப்பாடமாகவே வைத்துக்கொள்ளலாம். தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019 என்று ஒன்று இருக்கிறது. அதன்படி 3,000 சதுர மீட்டருக்கு மேல், அதாவது சுமார் பதிமூன்றரை கிரவுண்டுக்கு மேல் உள்ள இடத்தை மேம்படுத்தும்போது, சாலை போக மிச்சமுள்ளதில் 10 சதவீதத்தைப் பொதுத் திறந்தவெளியாக விட வேண்டும். இதைத்தான் ஓ.எஸ்.ஆர். நிலம் என்கிறார்கள். 10,000 சதுர மீட்டர் வரை என்றால் நிலம் விட முடியாத நிலையில் அதற்கான வழிகாட்டி மதிப்பைப் பணமாகக் கட்டலாம். அதற்கு மேல் போனால் நிலமாகத்தான் கொடுக்க வேண்டும், பதிவு செய்த தானப் பத்திரத்தோடு. பெரிய கேட்டட் கம்யூனிட்டி ஒன்றுக்குள் இருக்கிற "எங்கள் பூங்கா" உண்மையில் ஊர்ப் பொது இடமாக இருக்கக்கூடும். வெளியே இருப்பவர்கள் உள்ளே வரக்கூடாது என்று செக்யூரிட்டி தடுத்தால், அந்த இடத்துக்குத் தானப் பத்திரம் இருக்கிறதா என்று பாருங்கள்.

அதே விதித் தொகுப்பில் இன்னொன்றும் இருக்கிறது, இதை யாரும் வாயே திறந்து சொல்வதில்லை. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட லேஅவுட் என்றால் பூங்காவுக்கு 10 சதவீதம் விடுவதோடு, பொருளாதாரத்தில் நலிந்தவர்களுக்கான சிறிய மனைகளாக இன்னொரு 10 சதவீதத்தையும் பிரிக்க வேண்டும். அந்தச் சிறு மனைகள் இரண்டு மூன்றைச் சேர்த்து ஒரே பெரிய மனையாக்கவும் இடமில்லை. பூங்கா எங்கே என்று வரைபடத்தை விரிக்கும்போது இந்தச் சிறு மனைகள் எங்கே என்றும் பாருங்கள். பல இடங்களில் இரண்டுமே ஒன்றாகத்தான் காணாமல் போயிருக்கும். ஒன்றை மட்டும் கேட்பது நியாயமில்லை என்று நான் சொல்வதற்கு இதுதான் காரணம். காற்று வாங்க இடமும் குடியிருக்க இடமும் ஒரே சட்டத்தில், ஒரே வரைபடத்தில் நமக்குக் கொடுக்கப்பட்டவை.

"லேஅவுட்காரர் தானப் பத்திரம் எழுதவில்லை, அதனால் இடம் அவருடையது" என்று யாராவது சொன்னால் கூட்டத்திலேயே விட்டுக்கொடுத்துவிடாதீர்கள். வரைபடத்தில் பூங்கா என்று காட்டி ஒப்புதல் வாங்கிவிட்ட இடத்தை நினைத்தபடி வேறு எதற்கும் திருப்ப முடியாது. பெங்களூரில் ராஜமகால் விலாஸ் விரிவாக்கத்தில் பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனை கட்டக் கொடுத்தார்கள். அக்கம்பக்கத்தில் குடியிருந்தவர்களே வழக்குப் போட்டார்கள். உச்ச நீதிமன்றம் வரை போய், 1991-ல் அந்த ஒதுக்கீடு செல்லாது என்று தீர்ப்பானது. மருத்துவமனையும் நல்ல காரியம்தானே என்ற வாதம் அங்கே நிற்கவில்லை. அந்த மாதிரி வழக்குப் போட அந்தப் பகுதிவாசிகளுக்கு உரிமை உண்டு என்பதையும் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. அந்த வழக்கின் பெயர் பெங்களூர் மெடிக்கல் டிரஸ்ட் எதிர் முத்தப்பா, மனுவில் ஒரு வரியில் குறிப்பிட்டு வையுங்கள்.

மனு எப்படி இருக்க வேண்டும்? ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. வரலாறு, வருத்தம், அரசியல் எதுவும் வேண்டாம். ஏறக்குறைய இப்படி:

"எங்கள் பகுதியில் சர்வே எண் ___, அங்கீகரிக்கப்பட்ட லேஅவுட் எண் ___ இல் பூங்காவுக்கென ஒதுக்கப்பட்ட ___ சதுர மீட்டர் இடம் இதுவரை பூங்காவாக அமைக்கப்படவில்லை. லேஅவுட் வரைபடம், வில்லங்கச் சான்று, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பெற்ற பதில் ஆகியவற்றின் நகல்களை இணைத்துள்ளோம். இவ்விடத்தை அளந்து எல்லைக்கல் நடவும், பொதுப் பூங்காவாக அமைக்கவும், இவ்விடத்தில் தற்போது வசிக்கும் ___ குடும்பங்களைக் கணக்கெடுத்து, இதே பகுதியில் மாற்று வீடு உறுதியான பிறகே அப்புறப்படுத்தவும் ஏரியா சபா பரிந்துரைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்."

கீழே கையெழுத்துகள். பெயர், தெரு, வாக்காளர் அட்டை எண். ஐம்பது பேர் போதும், ஆனால் அதில் குடிசைகளில் இருப்பவர்களின் கையெழுத்தும் இருக்க வேண்டும். அவர்களிடம் போய்ப் பேசாமல் அவர்கள் தலைக்கு மேலே மனு எழுதாதீர்கள். முதல் நாள் போனால் நம்ப மாட்டார்கள், வீட்டை இடிக்க ஆள் வந்திருக்கிறது என்றுதான் நினைப்பார்கள். வரைபடத்தைக் காட்டி, மூன்றாவது கோரிக்கையை வாசித்துக் காட்டி, நிதானமாகப் பேசுங்கள். அங்கே இருக்கிற அக்காக்கள் நம்மைவிடத் தைரியமாகச் சபாவில் பேசுவார்கள், நான் பார்த்திருக்கிறேன்.

கூட்டத்துக்குச் சில நாள் முன்பே மனுவின் ஒரு நகலைக் கவுன்சிலரிடம் கொடுத்துவிடுங்கள். எந்தக் கவுன்சிலரும் நாலு பேர் முன்னால் திடீரென்று மாட்டிக்கொள்வதை விரும்ப மாட்டார், முன்கூட்டியே சொன்னால் அவரே அதை எடுத்துப் பேசவும் வாய்ப்பிருக்கிறது. சபாவில் குப்பை, சாக்கடை, நாய், கொசு என்று எல்லாம் வரும், நேரம் ஓடிவிடும். உங்கள் முறை வந்ததும் ஒரே நிமிடத்தில் எண்களைச் சொல்லி, மனுவைக் கையில் கொடுத்து, "இதைக் கூட்டப் பதிவேட்டில் ஏற்றுங்கள்" என்று கேளுங்கள். எழுதுகிறவர் எழுதி முடிக்கிற வரை உட்காராதீர்கள். பிறகு அந்தப் பக்கத்தை ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

அங்கிருந்து கோரிக்கை வார்டு குழுவுக்குப் போகும், பிறகு மண்டலக் குழு. சென்னையைப் பல மண்டலங்களாகப் பிரித்திருக்கிறார்கள், ஒவ்வொன்றுக்கும் தலைவர் உண்டு. பணத்தேவையைப் பொறுத்து நிலைக்குழு, அப்புறம் மாமன்றம். வழக்கமாக மார்ச் மாதம் முடிவதற்குள் மாநகராட்சி பட்ஜெட் வந்துவிடும் என்பதால் அதற்கு நாலைந்து மாதம் முன்பே உங்கள் கோரிக்கை மண்டலத்தைத் தாண்டியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் "அடுத்த வருடம் பார்க்கலாம்" என்பார்கள். சின்ன வேலை என்றால், வேலி, விளக்கு, ஊஞ்சல் போல, கவுன்சிலரின் வார்டு மேம்பாட்டு நிதியிலேயே முடிக்கக் கேட்கலாம். ஏற்கெனவே இருக்கிற பூங்காவில் விளக்கு எரியவில்லை, பகலெல்லாம் பூட்டிக் கிடக்கிறது என்பதற்கெல்லாம் மாமன்றம் வரை போகத் தேவையில்லை, 1913-க்கு போன் போட்டுப் புகார் எண் வாங்குங்கள், அது போதும்.

வீட்டு விஷயம் இப்படி ஒரே வழியில் போகாது, ஏனென்றால் அதிகாரம் பல இடத்தில் பிரிந்து கிடக்கிறது. குடிசைப் பகுதிகளுக்கென்று 1970-ல் கலைஞர் ஆட்சியில் குடிசை மாற்று வாரியம் வந்தது, 1971-ல் சட்டம் வந்தது. 2021-ல் அதன் பெயர் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாறியது. மாற்று வீடு தருவது, எங்கே தருவது என்பது அந்த வாரியத்தின், அதாவது மாநில அரசின் கையில் இருக்கிறது. காலி செய்யச் சொல்லும் நோட்டீஸ் மாநகராட்சியிலிருந்தும் வரலாம், ஆற்றங்கரை கால்வாய்க் கரை என்றால் நீர்வளத் துறையிலிருந்தும் வரலாம். மாமன்றம் நேரடியாக வீடு கொடுக்க முடியாது. ஆனால் "இந்தக் குடும்பங்களுக்கு இதே பகுதியில் வீடு வேண்டும்" என்று வார்டு குழுவிலோ மாமன்றத்திலோ பதிவாகியிருந்தால், பின்னால் வாரியத்திடமும் நீதிமன்றத்திலும் காட்டுவதற்கு ஒரு காகிதம் இருக்கும். ஒன்றும் இல்லாமல் நிற்பதற்கும் அந்தக் காகிதத்தோடு நிற்பதற்கும் நிறைய வித்தியாசம்.

"இதே பகுதியில்" என்ற சொல்லை மனுவிலிருந்து யார் நீக்கச் சொன்னாலும் நீக்காதீர்கள். நகரத்தின் நடுவிலிருந்து கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் கொண்டுபோய் விடப்பட்ட குடும்பங்கள் இருபது கிலோமீட்டர் அளவுக்குத் தள்ளிப் போனார்கள். வீட்டு வேலைக்குப் போன பெண்களுக்கு வேலை போனது, பிள்ளைகளின் படிப்பு பாதி வருடத்தில் அறுந்தது. கண்ணகி நகர்க்காரர்களுக்காவது மாநகராட்சியில் கேட்கக் கவுன்சிலர் இருக்கிறார், பெரும்பாக்கக் குடியிருப்போ ஊராட்சி எல்லையில் கட்டப்பட்டது. நகரத்து வாக்காளராக இருந்தவர் ஒரே நாளில் வேறோர் உள்ளாட்சிக்குப் போய்விட்டார். 2022 மே மாதம் ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் நீதிமன்ற உத்தரவின் பேரில் வீடுகளை இடித்தபோது ஒருவர் தீக்குளித்து உயிரை விட்டார். அதற்குப் பிறகுதான் அந்தக் குடும்பங்களுக்கு அருகிலேயே, மந்தைவெளி மயிலாப்பூர் பக்கம் வீடு தரப்படும் என்று சட்டமன்றத்தில் அறிவிப்பு வந்தது. ஓர் உயிர் போன பிறகு சொன்னதை முன்பே சொல்லியிருக்கலாம். நாம் பூங்கா கேட்கிறபோதே அதைச் சொல்ல வைப்போம்.

நோட்டீஸ் வந்துவிட்டது என்றால் நேரம் வீணாக்காமல் இரண்டு காரியம் செய்யுங்கள். அந்தப் பகுதி 1971 சட்டத்தின்படி அறிவிக்கப்பட்ட குடிசைப் பகுதியா என்று பாருங்கள், சென்னையில் அந்த வருடமே 1,202 பகுதிகளும் 1985-ல் மேலும் 17 பகுதிகளும் அறிவிக்கப்பட்டன. பட்டியலில் இருந்தால் அந்தச் சட்டத்தின் பாதுகாப்பைச் சொல்லி எழுத்துப்பூர்வமாகப் பதில் கொடுக்கலாம். இல்லாவிட்டாலும், நடைபாதைவாசிகள் வழக்கில் 1985-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது இருக்கிறது. அது ஓல்கா டெல்லிஸ் வழக்கு. பிழைப்புக்கான உரிமையும் உயிர் வாழும் உரிமைக்குள் அடங்கும், அவர்கள் தரப்பைக் கேட்காமல் அப்புறப்படுத்தக் கூடாது என்றது. அதற்காக அங்கேயே இருந்துவிட உரிமை உண்டு என்று அந்தத் தீர்ப்பு சொல்லவில்லை, தப்பாகச் சொல்லி அவர்களுக்கு நம்பிக்கை கொடுத்துவிடாதீர்கள். மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாக வக்கீல் கிடைப்பார், பெண்களுக்கும் பட்டியல் சாதியினருக்கும் வருமான வரம்பு கூடப் பார்ப்பதில்லை. அப்புறம், ஒவ்வொரு குடும்பத்தின் ரேஷன் அட்டை, வாக்காளர் அட்டை, கரண்ட் பில், பிள்ளைகளின் பள்ளிச் சான்று நகல்களை ஒரே கோப்பில் போட்டு ஒருவர் வீட்டில் பத்திரமாக வையுங்கள். கணக்கெடுப்பு நடக்கிற அன்று வேலைக்குப் போனவர் பெயர் விடுபட்டுப் போவது எப்போதும் நடக்கிற ஒன்று.

சாதி பார்த்து, மதம் பார்த்து வாடகைக்கு வீடு மறுப்பதையும் சபாவில் கேட்கலாமா என்று ஒருவர் என்னிடம் கேட்டார். கேட்கலாம், ஆனால் தனியார் வாடகையில் மாமன்றத்துக்கு அதிகாரம் இல்லை, அங்கே தீர்வு கிடைக்காது.

தீர்மானம் நிறைவேறிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். தீர்மான எண்ணும் தேதியும் உள்ள நகலை வாங்குங்கள், "பாஸ் ஆயிடுச்சு சார்" என்ற வாய்வார்த்தை போதாது. பிறகு மதிப்பீடு எவ்வளவு, டெண்டர் எப்போது, யாருக்கு வேலை ஆணை போனது என்று மாதம் ஒரு முறை வார்டு உதவிப் பொறியாளரிடம் கேளுங்கள். எல்லைக்கல் நடுகிற அன்று லேஅவுட் வரைபடத்தோடு நாலு பேர் பக்கத்தில் நில்லுங்கள், இரண்டடி உள்ளே தள்ளி நட்டால் அந்த நிமிடமே சொல்லலாம், கம்பிவேலி போட்ட பிறகு சொல்லிப் பயனில்லை. கார் ஷெட்டும் குடிசையும் ஒரே பட்டியலில் "ஆக்கிரமிப்பு" என்று வந்தால் பிரித்து எழுதச் சொல்லுங்கள், வீடு இருப்பவரின் கார் ஷெட்டுக்கு மாற்று இடம் தேவையில்லை, அது முதல் நாளே போகலாம். வேலை முடிந்து பூங்கா திறக்கும்போது கேட் சாவி யாரிடம் இருக்கும், எத்தனை மணிக்குத் திறந்து எத்தனை மணிக்கு மூடுவார்கள், பந்து விளையாடலாமா என்ற மூன்றையும் பலகையில் எழுதி மாட்டச் சொல்லுங்கள், சாவி எந்தக் குடியிருப்போர் சங்கத்தின் கையிலும் போகாமல் மாநகராட்சிக் காவலாளியிடமே இருக்கட்டும்.